ரகசியம் பேச முடியாத வீடு: கொள்ளிடத்துக்கு வடக்கே மூன்று நாள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியாயிற்று, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கவும் ஆரம்பித்தாயிற்று. இப்படிப்பட்ட நான் போன சரஸ்வதி பூஜை விடுமுறையில் சித்தி பெண் மல்லிகாவின் வீட்டுக்குப் போய், பாத்ரூம் போக வேண்டும் என்பதற்கு ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன். காட்டியது அவள் கணவரிடம். அவரும் கொஞ்சமும் யோசிக்காமல் தலையை ஆட்டி, "சீக்கிரம் போயிட்டு வாங்க" என்றார். நான் பாதித் தூரம் போன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

தப்பில் பாதிதான் என்னுடையது. மீதி அந்த வீட்டினுடையது. அது வீடாவதற்கு முன்னால் பள்ளிக்கூடமாக இருந்தது. கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. மல்லிகாவின் கணவர் தனபால் அதன் முன்னால் நின்றுகொண்டு, கையில் ஒரு குச்சியோடு, கூரையின் வரலாற்றை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அப்படி ஒருவர் பேசினால் யாருக்கும் விரல் தானாக எழும்பும்.

பழைய பள்ளிக்கூடம், பழைய தபால் ஆபீஸ் இவற்றை வாங்கி வீடாக்கிக்கொண்டு கிராமத்தில் குடியேறுவது இப்போது பலருக்கு ஆசையாக இருக்கிறது. இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களிலேயே நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒரு வீட்டில் தங்கிப் பார்க்கலாம் என்று கிளம்பியதாகச் சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அதுவும் இரண்டு பேர், தனித்தனியாக.

தனபால் திருச்சிப் பக்கம் திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மல்லிகா அதே திருச்சியில், தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் இருபது வருடம் டோக்கன் கொடுத்தவள். தில்லை நகரிலேயே சொந்தமாக ஒரு பிளாட். மகன் வெளிநாட்டில். இதற்கு நடுவில் தனபாலுக்கு இந்தப் பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. அந்த ஊர் மிராசுதார் ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்தது. மெயின் ரோட்டில் புதுப் பள்ளிக்கூடம் வந்ததும் பிள்ளைகள் அங்கே போய்விட, கட்டடம் பூட்டிக் கிடந்தது. மிராசுதாரின் பேரன்மார் விற்றார்கள், இவர் வாங்கினார், ஏழெட்டு மாதம் தானே நின்று வேலை பார்த்தார், தை மாதம் பால் காய்ச்சி மல்லிகாவைக் கூட்டிவந்தார். பிளாட்டுக்கு வாடகைக்கு ஆள் வைக்கவில்லை. கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவோம் என்பது மல்லிகா போட்ட நிபந்தனை.

இப்போது பிளாட்டுக்கு ஒரு நல்ல குடும்பம் கேட்டு வந்திருந்தது. விஜயதசமி அன்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், அட்வான்ஸ் தந்துவிடுகிறோம் என்று காத்திருந்தார்கள். சரி என்றால் மல்லிகா கிராமத்தோடு கிராமம். இல்லை என்றால் தனபாலின் கனவு வீட்டுக்கு மறுபடி பூட்டு.

தனபால் போன் செய்து, "அக்கா, நீங்க வந்து ரெண்டு நாள் தங்கிட்டு, வீடு அருமையா இருக்குன்னு அவ காதுல போடுங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருந்தாலும் மனைவியின் அக்கா என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சரி தம்பி என்றேன், பழிக்குப் பழியாக.

அன்றைக்கே மல்லிகாவும் போன் செய்தாள். "நீ ஒரு தடவை வந்து பாருக்கா, இதுல மனுஷி இருக்க முடியுமான்னு. பாத்துட்டு நீயே அவர்கிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பாரு." அவளிடமும் சரி என்றேன். என் வீட்டில் நான் சொன்னால் குக்கர்கூட விசில் அடிப்பதில்லை. ஒரே நாளில் இரண்டு பேர் நான் சொன்னால் நடக்கும் என்று நம்புகிறார்கள் என்றால், அந்த மயக்கத்தில் யாருக்குத்தான் இல்லை என்று சொல்ல வாய் வரும்?

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது, கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சென்னையில் இது எங்களுக்கு ஒன்பதாவது வாடகை வீடு. எந்த வீட்டிலும் மூன்றாவது வருடம் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். ஒருவேளை இப்படி ஒரு வீட்டில் என் கால் நிற்குமோ என்று பார்க்க ஆசை.

போகிற வழி இதுதான். எழும்பூரில் காலை ரயில், பகலில் ஐந்தரை மணி நேரம். உட்காரும் வசதிதான், நான் உட்காரவில்லை. பாதி நேரம் கதவருகே நின்றேன், மீதி நேரம் டீக்காரர் பின்னால் பெட்டி பெட்டியாக நடந்தேன். ஒரு முக்கியமான விஷயம்: சென்னையிலிருந்து வரும்போது ரயில் முதலில் லால்குடியைத் தாண்டும், அப்புறம் கொள்ளிடம் பாலம், அப்புறம் ஸ்ரீரங்கம், கடைசியில்தான் திருச்சி ஜங்ஷன். மல்லிகாவின் ஊர் கொள்ளிடத்துக்கு வடகரையில். அதாவது புத்தியுள்ளவர்கள் ஸ்ரீரங்கத்திலேயே இறங்கி ஆற்றைத் திரும்பத் தாண்டினால் போதும். நான் ஜங்ஷன் வரைக்கும் டிக்கெட் எடுத்தாயிற்றே என்று இறங்க மனமில்லாமல் ஜங்ஷன் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம் வந்து, அங்கே இன்னொரு பஸ் ஏறி, காவிரியைத் தாண்டி, திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கினேன். ஒரே நாளில் காவிரியையும் கொள்ளிடத்தையும் இரண்டிரண்டு முறை கடந்தது புண்ணியம் என்று வைத்துக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பணமாக நஷ்டம் ஒன்றும் இல்லை, ஒன்றேகால் மணி நேரம் போனதுதான்.

டோல்கேட்டிலிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். தனபால் சார் வீடு என்றேன். எந்த தனபால், சொசைட்டி தனபாலா, டிராக்டர் தனபாலா என்று கேட்டார். திருவெறும்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய பள்ளிக்கூடத்தை வாங்கி என்று நான் ஆரம்பித்ததும், "அட, ஸ்கூலுன்னு சொல்லுங்கம்மா" என்று வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "சார் தங்கமான மனுசன். அந்தம்மாதான் பாவம்."

நான் சீட்டின் நுனிக்கு வந்தேன். "ஏன், என்ன?"

"சாயங்காலம் ஆனா வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துக்கிட்டே இருப்பாங்க. கையில போனு. சுகர் போலருக்கு, டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பாருன்னு பேசிக்கிட்டோம்."

மல்லிகாவுக்கு சர்க்கரை கிடையாது. அவள் ஏன் நடந்தாள் என்பது உள்ளே போன கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

வீடு அழகு, அதில் சந்தேகமே இல்லை. சீமை ஓடு வேய்ந்த ஒரே நீளமான ஹால். அறுபதடி நீளம், இருபதடி அகலம், நடுவில் ஒரு தடுப்பும் கிடையாது. அந்தக் கோடியில் கட்டில். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு பீரோ. படுக்கையறைக்குச் சுவர் என்று பார்த்தால் அந்த பீரோதான். தலைமையாசிரியர் மேஜை சாப்பாட்டு மேஜையாகியிருந்தது. கரும்பலகைக்குக் கீழே இருக்கும் மேடையில் டிவி. சமையல் எல்லாம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், முன்பு சத்துணவு சமைத்த கொட்டகையில். பாத்ரூமும் முற்றத்தில்தான், அதற்குத்தான் நான் விரலைத் தூக்க வேண்டிவந்தது.

ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு வெளியே பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் வானமும் ஒரு தென்னை மட்டையும்தான் தெரியும். தெருவில் யார் போகிறார், என்ன வாங்கிக்கொண்டு போகிறார் என்பது தெரியாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை.

அது போகட்டும். உண்மையான சிக்கல் வேறு. மல்லிகாவோடு கட்டில் பக்கம் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தனபால் அந்தக் கோடியில், கரும்பலகையில் மோட்டார் போடவேண்டிய நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல், "ஏன்டி, உன் புருஷனுக்கு எப்பலேர்ந்து இந்தக் கிறுக்கு?" என்றேன்.

"பி.எஃப். பணம் வந்ததுலேர்ந்துக்கா" என்று பதில் வந்தது, அந்தக் கோடியிலிருந்து.

ஆசிரியர் குரல் கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்க வேண்டும் என்று கட்டிய ஹால். கேட்கிறது. இந்தக் கோடியில் மோதிரத்தைக் கழற்றி வைத்தால் அந்தக் கோடியில் கேட்கிறது. தனபால் இதைக் குறையாகவே நினைக்கவில்லை, நின்று நின்று கை தட்டிக் காட்டினார். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளால் மகனோடு போனில் பேச முடியாது, மருமகளைப் பற்றிப் பேச முடியாது, புருஷன் மேல் கோபம் வந்தால் முனக முடியாது. அதனால்தான் கேட் வரை நடை. டவுனில் முக்கால் ஆயுளும் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தவள். இங்கே சாத்துவதற்கு ஒரு கதவு இல்லை.

ஒரே ஒரு அறை தடுத்துக் கொடுங்கள் என்று தை மாதத்திலிருந்து கேட்கிறாளாம். தனபால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொன்னார்: "நூறு வருஷக் கட்டடம் மல்லி. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். அதுல கை வச்சா பாவம்." சொல்லும்போது தூணை ஒரு தட்டு தட்டுவார், குழந்தையைத் தட்டுகிற மாதிரி.

மறுநாள் சரஸ்வதி பூஜை. பூவும் பொரிகடலையும் வாங்குகிற சாக்கில் மல்லிகாவும் நானும் காலையிலேயே ஸ்ரீரங்கம் போனோம். பூ டோல்கேட்டிலேயே கிடைக்கும். நாங்கள் போனது ரகசியம் பேச. தெற்கு வாசலில் இறங்கி, கடைத்தெருவில் கதம்பம், வாழையிலை, பொரி, ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு, ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனோம். இலவச தரிசன வரிசை ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பெருமாள் மன்னிக்கட்டும், நாங்கள் வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டதே சந்தோஷத்தில். ஒன்றரை மணி நேரம், முன்னால் கும்பகோணத்துக் குடும்பம், பின்னால் தெலுங்கில் கோவிந்தா போடும் கூட்டம், நடுவில் யாரும் காது கொடுக்காமல் நாங்கள் இருவர். மல்லிகா ஒன்பது மாதத்தையும் கொட்டித் தீர்த்தாள்.

நான் நகத்தைக் கடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு கேட்டேன். கடைசியில் அவள் சொன்னாள்: "எனக்கு ஊரு பிடிக்கலைன்னு இல்லக்கா. ஜனங்க நல்லவங்கதான். ஆனா என் வீடுன்னு தோண மாட்டேங்குது. யாரோ ஸ்கூல்ல லீவுக்கு வந்து தங்கியிருக்கற மாதிரியே இருக்கு. பிளாட்டை மட்டும் விட்டுட்டேன்னா எனக்குன்னு போக்கிடமே இல்ல. நீ இன்னிக்கு அவர்கிட்ட பேசிடு."

"பேசறேன். தில்லை நகர்தான் உனக்குச் சரி. நான் சொல்லிட்டேன்னு வை" என்றேன். சன்னதிக்குப் பத்தடி முன்னால் நின்று சொன்ன சத்தியம் அது. பெருமாள் படுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பூஜை. ஆயுத பூஜை அல்லவா, தனபால் தன் ஆயுதங்களையெல்லாம் மேடைக்கு முன்னால் அடுக்கியிருந்தார். ஸ்பேனர் செட், டிரில்லிங் மெஷின், டேப், ரசமட்டம், கரணை. நடுவில் ஒரு பெரிய சம்மட்டி, சந்தனக் குங்குமத்தோடு. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிற எஞ்சினியருக்குச் சம்மட்டி எதற்கு என்று கேட்டேன். "சும்மா, இருக்கட்டும்னு" என்று கற்பூரத்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து மல்லிகா பாத்திரங்களோடு கொட்டகைக்குப் போனாள். தனபால் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல். இருபத்தெட்டு வருட நைட் ஷிஃப்ட் பார்த்த மனிதர், இந்த ஓடுகளில் ஒவ்வொன்றையும் தானே மாற்றியவர். பாயசம் குடித்த மயக்கமும் எனக்குச் சேர்ந்துகொண்டது. அவரருகே போய், காதோடு காதாக, "கவலைப்படாதீங்க தம்பி, அவகிட்ட நான் ஸ்ரீரங்கத்துலேயே பேசிட்டேன். முக்கால்வாசி ஒத்துக்கிட்டா. பிளாட்டை வாடகைக்கு விட்டுடலாம்" என்றேன்.

மல்லிகா கொட்டகைக்குப் போய்த் திரும்பிவிட்டாள் என்பதும், அந்தக் கோடியில் பீரோவுக்குப் பின்னால் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

"அக்கா" என்று பீரோ பேசியது. "வரிசையில நிக்கறப்ப வேற மாதிரில்ல சொன்னே?"

தனபால் என்னைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். "வேற மாதிரின்னா?"

"தில்லை நகர்தான் எனக்குச் சரி, உங்ககிட்ட சொல்லிட்டேன்னு வச்சுக்கன்னா. கோயில்ல நின்னு சொன்னா."

ஒன்பது மாதமாக எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பேரையும் நான் ஒரே நொடியில் ஒரு கட்சியாக்கினேன். அன்று சாயங்காலம் காபி எனக்குச் சர்க்கரை இல்லாமல் வந்தது. யாரும் என்னோடு பேசவில்லை. அந்த ஹாலில் பேசாமல் இருப்பதும் எல்லாருக்கும் கேட்கும் என்பதை அன்று கண்டுகொண்டேன். ஸ்டூலில் ஏறினேன், இறங்கினேன், கேட் வரை நடந்தேன், மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் மாற்ற முடியுமா என்று போனைத் தடவினேன். விடுமுறைக் கூட்டம், இடம் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதிக்கு நீங்கள் ரயில்வேக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

விஜயதசமி காலை. ஏழு மணி இருக்கும், கேட்டருகே தொங்கும் தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். பழைய பள்ளிக்கூட மணி அது, இப்போது காலிங் பெல். வேட்டி கட்டிய ஓர் ஆள், மனைவி, புதுச் சட்டையில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை, கையில் தாம்பாளம் நிறையப் பச்சரிசி. தனபால் போய், ஸ்கூல் மெயின் ரோட்டுக்கு மாறிவிட்டது என்று சொன்னார்.

"தெரியும் சார். அட்மிஷன் அங்கதான் போடப்போறோம். முத எழுத்து இங்கதான் எழுதணும். நான் இங்கதான் எழுதினேன், எங்கப்பாவும் இங்கதான்."

பூட்டிக் கிடந்த வருடங்களில்கூட வாசற்படியில் வைத்து எழுத வைத்துவிட்டுப் போவார்களாம். இப்போது கதவு திறந்திருக்கிறது, உள்ளேயே எழுதலாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் பின்னால் இன்னொரு குடும்பம். அதன் பின்னால் ஸ்கூட்டரில் இரண்டு. எட்டு மணிக்குள் பன்னிரண்டு குழந்தைகள், அவரவர் அரிசித் தட்டோடு. கொஞ்சம் அழுகை, கொஞ்சம் மூக்கொழுகல். தனபால் தூணோடு தூணாக நின்றுவிட்டார். விருப்ப ஓய்வு பெற்றவருக்குக் கூட்டத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மல்லிகாவுக்குத் தெரிந்தது. இருபது வருடம் டோக்கன் கொடுத்த கை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "செருப்பை எல்லாம் அந்தப் பக்கம் விடுங்க. குழந்தையோட ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. முதல்ல யாரு வந்தது?" என்றாள். வரிசை தானாக நின்றது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவள் அந்த வீட்டில் குரலை உயர்த்திப் பேசினாள். ஹால் அதை இரண்டாக்கித் திருப்பிக் கொடுத்தது.

அப்போதுதான் அந்த விசித்திரத்தை நான் கவனித்தேன். முதலில் வந்தவர் வாசல்படி ஏறினார், நேராகப் போகாமல் வலது பக்கம் எட்டடி நடந்தார், ஒன்றுமே இல்லாத இடத்தில் தோளை ஒடுக்கித் திரும்பினார், மறுபடி இடது பக்கம் வந்து கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தார். இரண்டாவது ஆளும் அப்படியே சுற்றினார். மூன்றாவதாக வந்த அம்மாள் திரும்புகிற இடத்தில் கையை நீட்டி எதையோ தொடப்போய், தொட ஒன்றும் இல்லாமல் கையை மடக்கிக்கொண்டாள்.

மல்லிகாவும் பார்த்துவிட்டாள். "ஏங்க, நேரா வர வேண்டியதுதானே? ஏன் இப்படிச் சுத்தி வரீங்க?"

முதலில் வந்தவர் சிரித்தார். "பழக்கம்மா. இங்க செவுரு இருந்துச்சுல்ல. அந்தப் பக்கந்தான் ஒண்ணாங்கிளாஸ்."

"எந்தச் செவுரு?"

"இந்தா, இங்கருந்து அது வரைக்கும். நடுவுல ஒரு கதவு. எங்கப்பா காலத்துலயே உண்டு, கட்டுறப்பவே கட்டினதும்பாங்க. பூட்டியிருந்தப்பகூட ஜன்னல்ல ஏறிப் பாத்தா தெரியும்."

வரிசையில் நின்ற எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லாரும் இல்லாத சுவரைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும், எந்தத் தூண்டுதலும் இல்லாமல், தனபாலைப் பார்த்தார்கள். மறுபூஜைக்காக எடுக்காமல் வைத்திருந்த சம்மட்டி மேடைக்கு முன்னால் குங்குமத்தோடு நின்றது. நானும் மல்லிகாவும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தோம்.

"நீங்கதானா?" என்றாள் மல்லிகா.

தனபால் தொண்டையைச் செருமினார். "இல்ல மல்லி… உன்னைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி… அது லுக்கைக் கெடுத்துச்சு. ஓபனா இருந்தா ஒரு கம்பீரம்…"

"கதவோடயா இடிச்சீங்க?"

"கதவு பின்னால ஷெட்ல இருக்கு. நல்ல தேக்கு. அத யாரும் தொடல."

நூறு வருடக் கட்டடத்தில் கை வைத்தால் பாவம் என்று தை மாதத்திலிருந்து தூணைத் தட்டித் தட்டிச் சொன்ன மனிதர். அவர் மெல்லத்தான் பேசினார், ஆனால் எந்த ஹால் அது? பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. வாசலில் செருப்பருகே நின்றவருக்கும் கேட்டது. எனக்கு இத்தனை நல்ல இடத்தில் நின்று ஒரு சண்டையைப் பார்க்கும் பாக்கியம் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஆனால் மல்லிகா சண்டை போடவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. குழந்தைகள் அதைப் பார்த்து அழுகையை நிறுத்தின.

அதற்குள் முதல் குழந்தையின் அப்பா, நல்ல நேரம் போகிறது, நீங்களே எழுத வைத்துவிடுங்கள் என்றார். நான் டீச்சர் இல்லை என்றாள் மல்லிகா. இந்த வீட்டம்மாதானே, அது போதும் என்றார் அவர். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அப்புறம் வாசலுக்குப் போய், வலது பக்கம் எட்டடி நடந்து, தோளை ஒடுக்கித் திரும்பி, சுவருக்கு அந்தப் பக்கமாகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் வைத்து, அதன் விரலைப் பிடித்து, அரிசியில் பெரிதாக ஓர் 'அ' எழுத வைத்தாள்.

ஏழாவது குழந்தையின் அப்பா கொத்தனார். அவர் பிள்ளையின் விரலைப் பிடித்தபடியே மல்லிகா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "இந்தச் செவுத்தைத் திரும்ப எழுப்ப எத்தனை நாள் ஆகும்?"

"அஸ்திவாரம் கீழ இருக்கும்மா. பத்து நாள்ல எழுப்பிடலாம். கதவு ரெடியா இருக்குன்றாரே."

"உள்பக்கம் தாப்பாள் வேணும்."

"போட்டுடலாம்மா."

அவள் தனபாலைப் பார்த்தாள். "அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னீங்கல்ல. அப்படியே இருக்கட்டும். பிளாட்காரங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க, வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போகச் சொல்லி."

தனபால் போன் பண்ண முற்றத்துக்குப் போனார். தனியாகப் பேச அந்த வீட்டில் வேறு இடம் இல்லை. நானும் ஒரு குழந்தைக்கு எழுத வைக்கலாமா என்று மெல்லக் கேட்டேன். "நீ சும்மா இருந்தா போதும்" என்றாள் என் தங்கை. ஆனால் மத்தியானக் காபியில் சர்க்கரை இருந்தது.

இனி, இப்படி ஒரு வீடு வாங்கிப் போகலாம் என்று இருக்கிறவர்களுக்கு. கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது எஞ்சினியரை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் நாலு பேரை உள்ளே நடக்கவிட்டுப் பாருங்கள், அவர்கள் எங்கே திரும்புகிறார்கள் என்று கவனியுங்கள். சமையலறையும் கழிவறையும் வெளியே இருக்கும், மழைக்காலத்தில் குடை இரண்டாவது செருப்பு மாதிரி. ஓட்டுக் கூரையில் குரங்கு வரும். பத்திரம் பதிவதற்கு முன்னால் விஜயதசமி, தேர்தல், வெள்ளம் இந்த மூன்றுக்கும் அந்தக் கட்டடத்தை ஊர் எதற்குப் பயன்படுத்தியது என்று கேட்டுவிடுங்கள். வீடு உங்கள் பெயருக்கு மாறும், ஊரின் வழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

தங்க வருகிறவர்களுக்கு: ஊர்ப் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அது குடும்பம் இருக்கிற வீடு, சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் எல்லா விலைக்கும் அறைகள் கிடைக்கும். பண்டிகை நாளில் தரிசன வரிசையை நம்பிப் போங்கள், மனம்விட்டுப் பேச அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரே விஷயத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள்.

என் கால் நின்றதா என்று கேட்டால், இல்லை. திரும்பும்போது ஸ்ரீரங்கத்திலேயே ரயில் ஏறினேன், கொள்ளிடம் பாலம் வரும்வரை கதவருகே நின்றேன். தென்னை மரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு ஓட்டுக் கூரை தெரிகிறதா என்று பார்த்தேன். வேகத்தில் எல்லாக் கூரையும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். மல்லிகா அவ்வளவு நாளும் கேட்டது ஒரே ஒரு கதவு. நான் ஒன்பது வீட்டில் எத்தனையோ கதவுகளைச் சாத்தியும் எதைத் தேடுகிறேன் என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் மல்லிகா போன் செய்தாள். சுவர் எழும்பிவிட்டது, தேக்குக் கதவும் மாட்டியாயிற்று, உள்தாழ்ப்பாள் பித்தளையில் போட்டிருக்கிறார்கள். தினமும் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே தூங்குகிறவர் தனபால். அறைக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று மல்லிகா ஹாலில்தான் படுத்துக்கொள்கிறாள்.